டர்பனிலிருந்து பழனிக்கு ஒரு சாண்

"பழனி எம்மாந் தூரம் தம்பி?"

பக்கத்து வீட்டு ஆயா இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அவர் திண்ணையில் உட்கார்ந்து கோயிலுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார். நான் வேலியோரமாகக் காபி டம்ளருடன் நின்றிருந்தேன். தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பியது. டர்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் டோங்காட்டில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் காக்கைச் சத்தம் மாதிரி. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அன்றைக்கு ஆயா பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

எங்கள் கொங்குப் பக்கம் யாரும் 'எம்மாந் தூரம்' என்று சொல்ல மாட்டார்கள். அது வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துப் பேச்சு. ஆயாவுக்கு வயது 78. தென்னாப்பிரிக்காவை விட்டு ஒரு நாள்கூட வெளியே போனதில்லை. பேரப்பிள்ளைகளோடு இங்கிலீஷ்தான். ஆனால் தமிழ் பேச ஆரம்பித்தால் நூறு வருஷத்துக்கு முந்தைய ஆற்காடு அப்படியே வாயில் வந்து விழும். கப்பலில் ஏறி வந்த சொற்கள். எங்கள் ஊரில் பாட்டியை அமுச்சி, ஆத்தா என்போம். இங்கே எல்லாப் பாட்டிகளும் ஆயா. பதினாறு வருஷத்தில் எனக்கும் அதுவே பழகிவிட்டது.

"ஏழாயிரம் கிலோமீட்டர் வரும் ஆயா."

"அது எனக்கு என்னா தெரியும்? கைல காட்டு."

கையில் எப்படிக் காட்டுவது? பேரனைக் கூப்பிட்டேன். பதினொரு வயதுப் பையன். அவனிடம் ஸ்கூலுக்கு வாங்கிய உலக உருண்டை ஒன்று இருந்தது, முப்பது சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கும். ஆயாவின் பூ நூல்கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்தோம். ஒரு முனையை டர்பன் மேல் அவன் அழுத்திப் பிடித்தான். உருண்டையில் பழனி இல்லை, மதுரைகூட இல்லை, சென்னை மட்டும் இருந்தது. மறு முனையை அங்கே வைத்து விறைப்பாக இழுத்தேன். சாமந்தியின் மஞ்சள் ஒட்டிய நூல், மடகாஸ்கரைக் குறுக்கே வெட்டி, இந்துமகா சமுத்திரத்தில் ஏறி, கேரளத்தின் இடுப்பு வழியாக உள்ளே நுழைந்து சென்னையைத் தொட்டது.

ஆயா நூலைப் பார்க்கவில்லை. கையை விரித்து, கட்டைவிரலை டர்பன் மேல் ஊன்றினார். சுண்டுவிரல் சென்னையைத் தாண்டிப் போய் நின்றது.

"ஒரு சாண்கூட வர்லியே! இதுக்கா எங்க தாத்தா அம்மாந் நாளு கப்பல்ல கெடந்தாரு?"

*

அன்று இரவு கணினியில் உட்கார்ந்து சரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் வந்து நிற்கும். டர்பன் கிங் ஷாகா, சென்னை மீனம்பாக்கம்: 7,070 கி.மீ. வாக்கில், எட்டரை மணி நேரம். தளத்துக்குத் தளம் பத்து இருபது கி.மீ. முன்பின்னாக இருக்கும். பூமியைச் சுத்தமான உருண்டை என்று வைத்துக் கணக்குப் போடுவது ஒரு வகை. துருவங்களில் கொஞ்சம் அமுங்கிய உருண்டை என்று வைத்துப் போடுவது இன்னொரு வகை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. அந்த 21 கி.மீ. செய்கிற வேலைதான் இது. நேரக் கணக்கில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த வழியில் விமானம் ஓடுகிறதா இல்லையா என்று தளம் பார்ப்பதே இல்லை.

சரி, எண்ணை விடுங்கள். எனக்கு ஆசை வந்தது அந்த நூல் மேல்தான். உருண்டையில் இழுத்துப் பிடித்த நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி. டோக்கியோவிலிருந்து நியூயார்க் போகும் வழியைத் தட்டையான படத்தில் போட்டால் அலாஸ்கா பக்கமாக வில் மாதிரி வளையும். நம்முடையது நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கிலிருந்து வடக்கே வருவதால், காகிதத்திலும் கிட்டத்தட்ட நேராகவே நிற்கிறது.

தீர்க்கரேகை ஒவ்வொன்றாக எடுத்து அட்சரேகையைக் கணக்குப் போட்டேன். மடகாஸ்கரில் கோடு நுழைவது மொரொண்டாவா பக்கம். தடித்த அடிமரத்துடன் தலைகீழாக நட்டது போல் நிற்கும் பாவோபாப் மரங்களுக்குப் பேர்போன ஊர். தீவைக் கடந்து வடகிழக்கில் மீண்டும் கடலில் இறங்குகிறது. பாதி தூரத்தில் மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவுகளை ஒட்டிப் போகிறது. 2024 பிப்ரவரியில் இந்தியா கட்டிக் கொடுத்த விமான ஓடுதளம் திறக்கப்பட்டதே, அதே அகலேகாதான். அப்புறம் மாலத்தீவின் வட கோடி. ஆலப்புழையில் கரை ஏறுகிறது. மூணாறு. அடுத்தது?

அடுத்தது பழனி. கோயிலுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள், வடமேற்கே.

இரண்டாம் முறை கணக்குப் போட்டேன். மூன்றாம் முறையும். சென்னைக்குப் போகிற கோடு, நான் பழனியை நினைத்து இழுக்காத கோடு, முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறது. பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் சோளக்காடும் தென்னந்தோப்புமாக ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் ஓட்டு வீடு ஒன்று. எங்கள் அப்பா கட்டியது. கோடு அதன் மேல்தான் போகிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகலாம். ஆனால் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிற விமானத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேர் கீழே என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வழியில் விமானம் எதுவும் பறப்பதில்லை. அதுதான் விஷயம்.

*

டர்பனிலிருந்து தமிழ்நாட்டுக்கு நேரடி விமானம் கிடையாது. என் காலத்தில் இருந்ததும் இல்லை. நாங்கள் பெரும்பாலும் துபாய் வழியாகத்தான் போகிறோம். 2009 அக்டோபரில் எமிரேட்ஸ் டர்பனுக்கு வர ஆரம்பித்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க் போய்த்தான் வெளிநாட்டு விமானம் ஏற வேண்டும். 2010 மே 1-ஆம் தேதி, உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ஆறு வாரம் முன்னால், லா மெர்சியில் புதிய விமான நிலையம் திறந்தார்கள். நகரத்துக்குத் தெற்கே இருந்த பழைய நிலையத்தின் ஓடுதளம் 2.4 கி.மீ.தான். புதியது 3.7 கி.மீ. எரிபொருளை முழுக்க நிரப்பிய பெரிய விமானம் மேலே ஏற அந்த நீளம் வேண்டும்.

லா மெர்சி முழுக்க முன்பு கரும்புக்காடு. ஆயாவின் அப்பா அந்தப் பக்கம் கரும்பு வெட்டியவர். "எங்கப்பா கத்தி புடிச்ச எடத்துல இப்ப ஏரோப்ளேன் ஓடுது" என்பார் ஆயா. பெருமையா வருத்தமா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். டர்பனிலிருந்து துபாய் நேர்கோட்டில் 6,630 கி.மீ. டர்பனிலிருந்து பழனி 6,680 கி.மீ. அதாவது, துபாயில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, மறுபடியும் பெல்ட்டைக் கழற்றிப் பரிசோதனை வரிசையில் நிற்கிறோமே, அந்த நேரத்தில் பழனிக்குப் போய்ச் சேர வேண்டிய தூரத்தைக் கிட்டத்தட்ட ஏற்கெனவே பறந்து முடித்திருக்கிறோம். வடக்கே பறந்துவிட்டோம், அவ்வளவுதான். இனி அங்கிருந்து கொச்சிக்கு 2,780 கி.மீ., சென்னைக்கு 2,930. மூக்கைத் தொடத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோவது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல படம் இல்லை.

துபாய்க்கு எட்டரை மணி நேரம். இந்த எட்டரையை 'பிளாக் டைம்' என்பார்கள். விமானம் வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்குமான நேரம். ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்காமல் வானத்தில் வட்டமடிப்பது எல்லாம் இதில் அடக்கம். மேலே மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போனாலும், எட்டரையால் வகுத்தால் 780 சொச்சம்தான் வரும். அட்டவணை போடுகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வைப்பார்கள், தாமதம் என்ற பேச்சு வராமல் இருக்க. இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டோம் என்று விமானி பெருமையாக அறிவிக்கும்போது பலர் கை தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நான் தட்டுவதில்லை.

அப்புறம் காத்திருப்பு. அடுத்த விமானம் ஐந்து மணி நேரம் கழித்து. மாலை ஏழு மணி வாக்கில் டர்பனில் ஏறினால் சென்னையில் இறங்குவது மறுநாள் மாலை நாலு மணிக்கு. நாம் இந்தியாவை விட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் உண்மையில் செலவானது பதினேழரை மணி நேரம். இது நல்ல நாள் கணக்கு. இதில் வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே மூன்று மணி நேரம், சென்னையில் இறங்கியபின் ஊர் போய்ச் சேரும் ஏழெட்டு மணி நேரம் எதுவும் சேரவில்லை.

ஏன் நேர் விமானம் இல்லை? விமானத்தால் முடியாது என்பதில்லை. ஏழாயிரம் கிலோமீட்டர் இன்றைய பெரிய விமானங்களுக்குப் பாதி வயிற்றுச் சாப்பாடு. ஜோகன்னஸ்பர்க்கிலாவது ஒரு சாக்கு உண்டு. அது 1,694 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது. இறக்கை தூக்குவது குறையும், இன்ஜின் இழுப்பதும் குறையும். ஓடுதளத்தை 4.4 கி.மீ.க்கு நீட்டி வைத்திருக்கிறார்கள், அப்படியும் வெயில் நேரத்தில் பாரத்தைக் குறைக்க வேண்டி வரும். டர்பன் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. நேராகப் பறக்க இதைவிட வசதியான இடம் வேண்டாம். ஆனால் தினமும் முன்னூறு பேர் டர்பனிலிருந்து சென்னைக்கு மட்டும் போக வேண்டுமே? யார் போகிறார்கள்? இங்கே இருக்கிற தமிழர்களில் பெரும்பாலோருக்கு அங்கே சொந்தம் என்று ஒருவர்கூட இல்லை. நூற்றைம்பது வருஷத்தில் அறுந்துபோன சொந்தம். துபாய்க்காரருக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே விமானத்தில் லண்டன் போகிறவர், லாகூர் போகிறவர், பாங்காக் போகிறவர் எல்லாரையும் ஏற்றி, நடுவில் கொண்டுபோய்ப் பிரித்து அனுப்புவார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மும்பைக்கு சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் நேராகப் பறந்துகொண்டிருந்தது. அதுவும் 2015-ல் நின்றது.

*

ஆயாவின் தாத்தா எத்தனை நாள் வந்தார் என்பது ஆயாவுக்கே சரியாகத் தெரியாது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பலின் கணக்கு எல்லாருக்கும் தெரியும். இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ட்ரூரோ என்ற கப்பல் 1860 அக்டோபர் 12-ஆம் தேதி சென்னையில் புறப்பட்டு நவம்பர் 16-ஆம் தேதி டர்பனுக்கு வந்தது. 342 பேர். முப்பத்தைந்து நாள். நம் நூல் வழியை வைத்துப் பார்த்தால் மணிக்கு எட்டு கிலோமீட்டர் சொச்சம், சைக்கிளை அசமந்தமாக மிதிக்கிற வேகம். கப்பல் நூல் வழியாகவா வந்திருக்கும்? சுற்றிக்கொண்டுதான் வந்திருக்கும். 1911 வரை கரும்புக்காட்டுக்கும் ரயில்பாதைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இப்படி வந்து இறங்கியவர்கள் 1,52,184 பேர். எண் இவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணம், ஆளுக்கு ஒரு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதி வைத்ததுதான்.

தாத்தாவின் பக்கத்தை ஆயா நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். எண், பெயர், அப்பா பெயர், வயது, உயரம், வலது முழங்காலில் ஒரு தழும்பு. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைக்காரக் குமாஸ்தா தன் காதில் விழுந்ததை எழுதிய ஏழெட்டு எழுத்து. மூன்று வருஷமாக நானும் வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடிப் பார்க்கிறேன். 'பாக்கம்' என்று முடிகிற மாதிரி இருக்கிறது. வட ஆற்காட்டில் எத்தனை பாக்கம்!

அதனால்தான் ஆயா பூர்வீக ஊரைக் கேட்கவில்லை. "ஊரு தெரியல, சாமி தெரியும்" என்பது அவர் கட்சி. நாற்பது வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவர். முருகனுக்கு என்று ஒரு மலை இருக்கிறது, அதில் ஆண்டியாக நிற்கிறான் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்.

நடுவில் ஒரு காலம் இருந்தது, போக நினைத்தாலும் சுலபமாகப் போக முடியாத காலம். 1946-ல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபார உறவை முறித்துக்கொண்டது. இந்திய பாஸ்போர்ட்டிலேயே 'தென்னாப்பிரிக்கா நீங்கலாக' என்று அச்சடித்தார்கள். நிறவெறி அரசுக்கு எதிராக எடுத்த நிலை, சரியான நிலை. ஆனால் இங்கே இருந்த நம் ஆட்களுக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்திய மாதிரி ஆகிவிட்டது. ஆயாவின் மாமனார் ஒருவர்தான் அந்தக் குடும்பத்தில் இந்தியாவைப் பார்த்தவர். கரஞ்சா கப்பலில் பம்பாய் போய், அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ். கரஞ்சா, கம்பாலா என்ற இரண்டு கப்பல்களின் பெயரும் இங்கே பழைய ஆட்களிடம் சொன்னால் முகம் மலரும். துறைமுகத்தில் மாலை போட்டு வழியனுப்பிய கதையை ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவே தூதரக உறவு முழுதாகத் திரும்பியது 1993-ல்தான். (காந்தியைச் சொல்லாமல் டர்பனைப் பற்றி எழுதக் கூடாது என்று ஒரு நண்பர் சொல்வார். காந்தி வந்து இறங்கியது சரியாக அதற்கு நூறு வருஷம் முன்னால், 1893 மே மாதம். சொல்லியாச்சு.)

*

நூல் எங்கள் அப்பா வீட்டின் மேல் போகிறது என்று சொன்னேன். அதைப் பற்றி எழுதாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது நாற்பதுக்கு அக்காவிடமிருந்து போன். அங்கே நள்ளிரவு தாண்டி ஒன்று பத்து. அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். "அப்பா போயிட்டாருடா கண்ணு." அழுகைக்கு அடுத்து அக்கா கேட்ட முதல் கேள்வி: "எப்ப வருவே?"

பின்னால் பெரியப்பா போனை வாங்கினார். "ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு. நீ எந்நேரத்துக்கு வருவேன்னு சொல்லு, அதுக்குத் தக்கன எடுக்கறதை வெச்சுக்கலாம்."

நம் ஊரில் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எடுக்கிறது எத்தனை மணிக்கு என்பதுதான். அந்த நேரத்தை நான் சொல்ல வேண்டும். டர்பனில் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, மடியில் கணினியை வைத்து, எங்கள் அப்பாவை எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை துபாய் விமானத்தில் இடம் இல்லை. ஜோகன்னஸ்பர்க் போய், இரவு எட்டு மணிக்கு வேறொரு விமானம், இன்னொரு நடுவழி ஊரில் மாறி, கொச்சி. நெடும்பாசேரியிலிருந்து பாலக்காடு, பொள்ளாச்சி, உடுமலை வழியாக ஐந்து மணி நேரக் கார். வியாழன் மாலைக்குள் வந்துவிடுவேன் என்றேன். "சரி கண்ணு, நாலு மணிக்குன்னு சொல்லிர்றோம். முன்ன பின்ன ஆனா இருக்கட்டும்."

இரவு எட்டு மணி விமானம் பத்து மணிக்குப் புறப்பட்டது. ஏதோ ஒரு பெட்டியை இறக்க வேண்டுமாம், ஏறியவர் ஒருவர் திரும்ப இறங்கிவிட்டாராம். நடுவழி ஊரில் நான் இறங்கி ஓடியபோது கொச்சி விமானத்தின் கதவை மூடிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டிருந்தது. அடுத்தது பதினோரு மணி நேரம் கழித்து. மேசையில் இருந்த பெண் எனக்குச் சாப்பாட்டுக் கூப்பன் ஒன்றைக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெரியப்பாவைக் கூப்பிட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. "ஊரே உக்காந்திருக்குது" என்று மட்டும் சொன்னார். பெட்டியில் வைத்து இரண்டாவது நாள். சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கிழவர்கள், மாட்டுக்குத் தீனி போடப் போக வேண்டியவர்கள். நான் வர வெள்ளிக்கிழமை காலை ஆகும்.

"எடுத்துருங்க பெரியப்பா."

"நீ சொன்னாச் சரி."

பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். அங்கே மாலை நாலு மணி, எனக்கு மதியம் பன்னிரண்டரை. எதிரே ஒரு பெரிய திரையில் விமானங்களின் பெயரும் நேரமும் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன. கூப்பனைக் கொடுத்து ஒரு டீயும் பன்னும் வாங்கி, சாப்பிடாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். பால் ஊற்றக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், அதற்குப் போனேன். அக்காவின் போன் வந்ததிலிருந்து ஐம்பத்து நாலு மணி நேரம். 6,680 கிலோமீட்டரை ஐம்பத்து நாலால் வகுத்தால் மணிக்கு 124. எங்கள் ஊர் பைபாஸில் பையன்கள் காரை விரட்டுகிற வேகம்.

ஐஸ் பெட்டிக்காரர் வந்து பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வாடகையை நான் கொடுத்தேன். இரண்டு நாள் வாடகை.

அதற்குப் பிறகு யாராவது 'சவுத் ஆப்பிரிக்கா எவ்வளவு தூரம்?' என்று கேட்டால் நான் கிலோமீட்டர் சொல்வதில்லை. நல்ல நாளில் ஒரு நாள், கெட்ட நாளில் இரண்டரை நாள் என்பேன்.

*

ஆயாவை அழைத்துக்கொண்டு போனது போன வருஷம் ஆகஸ்ட்டில். மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பள்ளிக்கூடம், நான் எப்படியும் ஊருக்குப் போகிறேன், ஆகவே என் பொறுப்பு. கிளம்புகிற அன்று ஆயா காலை நாலு மணிக்கே குளித்துத் தயாராகிவிட்டார். விமானம் மாலையில். வழிக்கு ரொட்டியில் உருளைக்கிழங்கைச் சுருட்டி ஒரு டப்பா முழுக்க அடுக்கியிருந்தார். விமானத்தில் சாப்பாடு தருவார்கள் என்றேன். "தருவான், தருவான்" என்றார். அந்த டப்பாதான் துபாயில் எங்களைக் காப்பாற்றியது என்பது வேறு கதை.

பரிசோதனையில் கைப்பையைத் திறந்தார்கள். ஒரு கட்டு சூடமும் தீப்பெட்டியும். பணியாளர் ஜூலுக்காரர், இளைஞன். சூடத்தை மோந்து பார்த்துவிட்டு, "கோ கோ, இது தீப்பிடிக்கும், கொண்டுபோக முடியாது" என்று பணிவாகச் சொன்னான். கோ கோ என்றால் ஜூலுவில் பாட்டி. ஆயா அவனிடம் சரளமான ஜூலுவில் இரண்டு நிமிஷம் வாதாடினார். சூடம் தொட்டியில் விழுந்தது. பழனியில் சூடம் கிடைக்காதா என்றேன். "அது நம்ம வூட்டுச் சூடம் இல்லியே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீல்சேர் சொல்லியிருந்தேன். அது ஒரு வரம், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் தயங்காமல் டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்கள். வரிசை எல்லாம் தாண்டி, ஆயா ராணி மாதிரி போனார், நான் பைகளோடு பின்னால்.

முன்சீட்டின் முதுகில் இருந்த திரையில் வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தேன். குட்டி விமானம் மொசாம்பிக்கை நக்கிக்கொண்டு வடக்கே போனது. ஆயா அரை மணி நேரம் அதையே பார்த்தார். பிறகு திரையில் ஒரு சாண் வைத்தார். "நாம போறது வேற பக்கமாச்சே? நூலு அந்தாண்டை இல்ல போச்சு?" என்றார்.

எட்டரை மணி நேரத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஆமாம் ஆயா, வேற பக்கம்தான் என்றேன்.

டோங்காட் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து பழனி அடிவாரத்தில் லாட்ஜ் கதவைத் திறக்கும் வரை இருபத்தாறரை மணி நேரம் ஆனது. கடைசி ஐந்து மணி நேரம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்க, ஆயா கண்ணைக் கொட்டாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தமிழ்ப் பெயர்ப் பலகை ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டி வாசித்தார். கோயில் பள்ளிக்கூடத்தில் எழுபது வருஷம் முன்பு படித்த தமிழ். "பொ... ள்... ளா... ச்சி." நடுவில் ஒரு பரோட்டா கடைப் பலகையைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், எல்லாம் புரிகிறது என்கிற மாதிரி.

மறுநாள் காலை. 693 படி அவரால் ஆகாது. வின்ச் ரயிலுக்கு வரிசையில் நின்றோம். வரிசை நகர்ந்தது, நின்றது, மறுபடி நின்றது. ஒன்றரை மணி நேரம் நின்று, சில நிமிஷத்தில் மேலே. "ஏரோப்ளேன் மாதிரியேதான்" என்றார் ஆயா.

சாமி பார்த்துவிட்டுப் பிராகாரத்தில் வந்து உட்கார்ந்தோம். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. அடிவாரத்தில் வாங்கிய சூடத்தைக் கையில் வைத்து, மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கே கொடைக்கானல் மலை மேகத்துக்குள் பாதி.

"நம்ம வூடு எந்தப் பக்கம் தம்பி?"

தென்மேற்கே கை நீட்டிக் காட்டினேன். அந்த மலைகளுக்கு அந்தாண்டை மூணாறு, அப்புறம் ஆலப்புழை, அப்புறம் கடல்.

"இப்ப அங்க மணி என்னா?"

இங்கே பத்து. "ஆறரை, ஆயா."

"ஐயோ, பேரன் எந்திரிச்சிருக்க மாட்டானே. ஸ்கூலு வண்டி ஏழுக்கு வந்துரும். போன் போடு, போன் போடு."

போட்டேன். நாலாவது மணியில்தான் எடுத்தான், தூங்கிக்கொண்டுதான் இருந்தான்.